வண்ணத்துப் பூச்சிகளின் பருவப் பயணம்: சேலம், நாமக்கல் சமவெளிக் குடியானவர்கள் அறியவேண்டியவை

புரட்டாசியின் பிற்பாதியிலும் ஐப்பசியிலும், மழை விட்டு வெயில் முகங்காட்டும் காலை வேளைகளில், சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சமவெளிகளில் ஒரு காட்சி காணப்படுவதுண்டு. சேர்வராயன் மலை, போதமலை, கொல்லிமலை ஆகியவற்றின் திக்கிலிருந்து கறுத்த இறக்கைகளையுடைய வண்ணத்துப் பூச்சிகள், முதலில் ஒன்றிரண்டாயும், வெயில் ஏற ஏறப் பத்துப் பதினைந்தாயும், மேற்கு அல்லது தென்மேற்கு நோக்கிப் பறந்து செல்லுகின்றன. வேலியோ வீடோ தென்னந்தோப்போ குறுக்கிட்டால் அவை பெரும்பாலும் சுற்றிப் போவதில்லை. மேலே எழும்பி அதனைத் தாண்டி, மறுபடியும் தாழ்ந்து, முன் கொண்ட திக்கிலேயே செல்லுகின்றன. சில வருஷங்களில் இக்கூட்டம் சிறிதாயிருக்கும். சில வருஷங்களில் நாட்கணக்காய் நீளும். காலமும் ஒரே சீராய் இராது. ஆடி, ஆவணியிலேயே தொடங்கிவிடும் வருஷங்களும் உண்டு.

இதனைக் காணும் குடியானவர்களிற் பலர் முதலில் நினைப்பது பயிரைப் பற்றியே. இத்தனை பூச்சி இறங்கினால் இத்தனை முட்டை, இத்தனை முட்டையிருந்தால் இத்தனை புழு என்று அவர்கள் கணக்கிடுகின்றனர். அக்கணக்கு அறியாமையால் விளைந்ததென்று தள்ளத்தக்கதன்று. எலுமிச்சையின் கொழுந்தைத் தின்னும் புழுவும், அவரைக் காயைத் துளைக்கும் புழுவும் இவ்விதமே பறந்து வந்த பூச்சிகள் இட்ட முட்டைகளிலிருந்து பிறந்தவையே. ஆயினும் புரட்டாசி, ஐப்பசியில் மேற்கே செல்லும் இக்கூட்டத்தைப் பொறுத்தவரையில் அக்கணக்குப் பிழையாகிறது. பிழையான கணக்கைக் கொண்டு தெளிப்பானை எடுத்தால், மருந்தின் விலையும் ஆட்கூலியும் வீணாவதோடு நில்லாமல், அன்று காலையில் அதே காட்டில் பூவெடுத்துக் கொண்டிருந்த தேனீக்களும் மடிகின்றன. பூசணி, சுரை, பாகல், சூரியகாந்தி முதலியன பயிரிட்டிருக்கும் அயலாருக்கு அதனால் காய்ப்புக் குறைந்து, அதன் காரணம் யாருக்கும் விளங்காமலே போகிறது.

இப்பயணத்தில் முக்கியமாய்க் காணப்படுபவை நான்கு ஜாதிகள். இவற்றிற்குத் தமிழில் அண்மைக் காலத்தில் வழங்கத் தொடங்கியுள்ள பெயர்கள் நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன், இரட்டைவரிக் கருப்பன் என்பன. வரியன்கள் இரண்டும் கறுப்பு நிறத்தில் வெளிறிய நீலக் கோடுகளும் புள்ளிகளும் உடையவை. நீல வரியனில் அக்கோடுகள் அகன்று வெளிச்சம் ஊடுருவுவன போலிருக்கும். கருநீல வரியனில் கறுப்பே மிகுந்து, கோடுகள் ஒடுங்கியிருக்கும். கருப்பன்கள் இரண்டும் காப்பிக்கொட்டை வறுத்த நிறமுடையவை. வெண்புள்ளிக் கருப்பனுக்கு இறக்கையின் ஓரத்தில் வெண்புள்ளிகள் வரிசையாய் அமைந்திருக்கும். இரட்டைவரிக் கருப்பனின் ஆணுக்கு முன்னிறக்கையின் மேற்புறத்தில் ஒன்றையொன்று ஒட்டி இரண்டு சிறு பட்டைகள் உண்டு. இறக்கை விரித்தால் இவை நான்கும் ஏறக்குறைய மூன்றரை அங்குல அகலமிருக்கும். இவற்றைக் கையிற் பிடித்து அழுத்தினாலும் எளிதில் சாவதில்லை, தோல் தடித்தவை. பறவைகளும் ஓணான்களும் இவற்றை விரும்பித் தின்பதில்லை. அதன் காரணம் பின்னர் விளங்கும். இவற்றுடன் கொன்னை வெள்ளையன் முதலிய வேறு சில ஜாதிகளும் சில வருஷங்களில் கலந்து செல்வதுண்டு.

இவை ஏன் பயணம் செய்யவேண்டும் என்பதற்கு விடை இரண்டு பருவமழைகளில் இருக்கிறது. மேற்கே நீலகிரி, ஆனைமலை முதலிய மேற்குத் தொடர்ச்சி மலைகளில் ஆனி தொடங்கித் தென்மேற்குப் பருவமழை இடைவிடாது பெய்கிறது. அம்மழையில் வெயிலும் குறைவு. பறப்பதற்கு ஏற்ற நேரமும் குறைவு. வண்ணத்துப் பூச்சி வெயில் காய்ந்து உடம்பைச் சூடேற்றிக் கொண்டாலன்றிப் பறக்க இயலாத ஜந்து. ஆகவே மழை தொடங்குமுன், சித்திரை, வைகாசி மாதங்களில், அவை மேற்கு மலைகளை விட்டுக் கிழக்கே புறப்படுகின்றன. கிழக்கே சேர்வராயன், கல்ராயன், கொல்லி, பச்சை மலைகளும் அவற்றினிடையே உள்ள சமவெளிகளும் மழைமறைவில் இருப்பதால், அக்காலத்தில் அங்கே அளவான மழையும் போதிய வெயிலும் கிடைக்கின்றன. கொடிகள் துளிர்க்கின்றன. அங்கே அவை முட்டையிட்டு இனம் பெருக்குகின்றன. பின்பு வடகிழக்குப் பருவமழை நெருங்கும் காலத்தில், அங்கே பிறந்த தலைமுறைகள் மேற்கே திரும்புகின்றன. தை, மாசிக்கு மேல் கிழக்கு மலைகளின் இலைகள் உதிர்ந்து காய்ந்து கிடக்கும்போது, மேற்கு மலைகளின் ஈரமான ஓடைக்கரைச் சோலைகளில் இவை கூட்டங்கூட்டமாய்த் தங்கியிருக்கின்றன. சுருங்கச் சொன்னால், பஞ்ச காலத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் உள்ள இடத்திற்குப் போய், மழை பெய்தபின் ஊர் திரும்பும் வழக்கத்தை ஒத்தது இது. ஆனால் ஒரு வித்தியாசம்: ஊர் திரும்புவது போனவர் அல்லர், அவர் மக்கள். முன் சென்றறியாத வழியில் அவர்கள் எவ்விதம் திக்குத் தவறாமல் செல்லுகின்றனர் என்பது வியக்கத்தக்கது.

சேலம், நாமக்கல் சமவெளி இவ்விரண்டு மலைத்தொடர்களுக்கும் நடுவே கிடக்கும் களம். ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் தாலூகாக்கள் மலையடிவாரத்தில் இருப்பதால் அங்கே கூட்டம் அடர்ந்து காணப்படலாம்; சங்ககிரி, திருச்செங்கோடு, பரமத்தி வேலூர் பக்கம் வரும்போது சிதறிப் பரவலாய்ச் செல்வதும் உண்டு. காவேரியைத் தாண்டினால் ஈரோடு, கோயமுத்தூர் வழியே மேற்கு மலைகள்.

இந்தியாவில் இவ்வகைப் பயணங்களைப் பற்றிய குறிப்புகள் புதியவை அல்ல. சி. பி. வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலப் பூச்சியியலார் 1930-இல் வண்ணத்துப் பூச்சிகளின் இடப்பெயர்ச்சியைப் பற்றித் தனி நூலொன்றை வெளியிட்டார். 1938-இல் இந்தியாவைப் பற்றிய குறிப்புகளைத் தொகுத்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார். அதே சஞ்சிகையில் 2005-இல் கிருஷ்ணமேக் குந்தே என்னும் ஆராய்ச்சியாளர் தென்னிந்தியாவில் வரியன், கருப்பன் கூட்டங்களின் ஜாதி விகிதத்தையும் செல்லும் திக்கையும் ஆராய்ந்து வெளியிட்டார். அயல் நாடுகளில் இதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்கது அமெரிக்காவின் மன்னர் வண்ணத்துப் பூச்சி. நம் வயலோரங்களில் எருக்கஞ்செடியைச் சுற்றித் திரியும் வெந்தய வரியனுக்கு அது நெருங்கிய இனம். கனடாவில் கோடையில் காணப்படும் அப்பூச்சிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பதை பிரெட் உர்க்குவார்ட் என்பவர் பல்லாண்டு இறக்கையில் சிறு சீட்டு ஒட்டி விட்டுத் தேடினார். 1975-இல்தான் மெக்சிகோ நாட்டு மலைக்காடு ஒன்றில் அவை மரங்களை மூடிக் கோடிக்கணக்கில் தங்கியிருந்த இடம் கண்டுபிடிக்கப்பட்டது. சீட்டு அனுப்பி உதவியவர்களிற் பலர் சாதாரணக் குடிமக்கள் என்பது இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. பூச்சியின் பாதையை ஆராய்ச்சி நிலையத்தின் உள்ளேயிருந்து யாரும் காண இயலாது.

இனி, பயிருக்கு இவற்றால் சேதம் உண்டா என்னும் கேள்விக்கு வருவோம்.

முதலாவது, பறக்கும் பூச்சிக்குக் கடிக்கும் வாய் கிடையாது. சுருட்டி வைத்த மயிரிழை போன்ற ஒரு குழலே அதன் வாய். அதனால் பூவின் தேனையும், ஈர மண்ணின் நீரையும், வாடிய தண்டிலிருந்து கசியும் சாற்றையும் உறிஞ்சலாமேயன்றி இலையையோ காயையோ தின்ன இயலாது. தின்பது புழுப்பருவத்தில் மட்டுமே. ஆகவே கேட்கவேண்டியது, "இப்பூச்சி நம் காட்டில் முட்டையிடுமா, இட்டால் எந்தச் செடியில்?" என்பதே.

இரண்டாவது, வழிச்செல்லும் காலத்தில் இவற்றின் பெண்கள் முட்டையிடும் நிலையில் இருப்பதில்லை. பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வைசாலி பௌமிக், கிருஷ்ணமேக் குந்தே ஆகிய இருவரும், பயணத்திலிருக்கும் பெண் பூச்சிகளையும் தங்கி இனம் பெருக்கும் பெண் பூச்சிகளையும் அறுத்துப் பார்த்து ஒப்பிட்டு, 2018-இல் முடிவை வெளியிட்டனர். பயணத்திலிருப்பவற்றில் முட்டைகள் முதிரவில்லை. உடலின் சத்து பறத்தலுக்கே செலவாகிறது. வயிற்றுச் சுமையோடு நெடுந்தூரம் பறப்பது இயலாது என்பதை எண்ணினால் இது எளிதில் விளங்கும்.

மூன்றாவது, இவை முட்டையிடும் செடிகள் பெரும்பாலும் பயிர்கள் அல்ல. வரியன்கள் விரும்புவது கொடிப்பாலை. சில ஊர்களில் அதனைப் பெருங்குறிஞ்சான் என்பர். பச்சைப் பூங்கொத்துடன் கிளுவை வேலிகளின்மேல் படர்ந்து கிடக்கும் அக்கொடியைக் கிள்ளினால் நீர்த்த பால் வரும். கருப்பன்கள் நன்னாரி, பால்வள்ளி முதலிய கொடிகளிலும், வெண்புள்ளிக் கருப்பன் இவற்றோடு ஆல், அத்தி, அரளி ஆகியவற்றிலும் முட்டையிடும். இவை பெரும்பாலும் பால் உள்ள செடிகள். பல கசப்பும் நஞ்சும் உடையவை. அந்நஞ்சைத் தின்று வளர்ந்த புழு, பூச்சியான பின்னும் அதனை உடலில் வைத்துக்கொள்ளுகிறது. நெல், சோளம், மக்காச்சோளம், நிலக்கடலை, குச்சிக்கிழங்கு, மஞ்சள், கரும்பு, பருத்தி, வெங்காயம் ஆகியவற்றில் இந்நான்கு ஜாதிகளின் புழுக்களும் வளர்வதில்லை.

இதில் ஒரு விலக்கு அரளி. பனமரத்துப்பட்டிப் பக்கத்தில் அரளி வேலிச்செடியன்று, வருமானம் தரும் பயிர். அங்குள்ளவர்களுக்கு வெண்புள்ளிக் கருப்பன் முற்றிலும் அயலானன்று; அதன் புழு அரளித் தளிரைத் தின்னும் என்பதை மறைப்பதில் பயனில்லை. அப்புழுவின் உடம்பில் குறுக்கே வரிகளும், முதுகில் நான்கு ஜோடி நீண்ட கறுத்த கொம்புகளும் இருக்கும். அதன் கூடு இலையின் அடியில் வெள்ளித் தகடுபோல் பளபளத்துத் தொங்கும். சிறுவர்கள் அதனை அறிவார்கள். ஆனால் அரளித் தோட்டத்தில் இலை பெரிதும் மொட்டையாகக் காணப்பட்டால் இதன்மேல் பழி போடுமுன் மற்றொரு புழுவைத் தேடவேண்டும். அது விரலளவு தடித்த பச்சைப் புழு. தலைக்குச் சற்றுப் பின்னால் இரண்டு நீலக் கண்கள் போன்ற புள்ளிகள் உடையது. வாலில் ஒரு சிறு முள் இருக்கும். அது இரவில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சி ஒன்றின் புழு. ஓரிரண்டே ஒரு கிளையை வழித்துவிடும். இரண்டையும் காலையில் மொட்டுப் பறிக்கும் ஆட்களைக் கொண்டே கையால் பொறுக்கிவிடலாம். விற்பது இலையன்று, பூவே. ஆகையால் சில தளிர் போவதற்காக, மறுநாட்காலை விரல்பட்டுப் பறிக்கவேண்டிய மொட்டின்மேல் நஞ்சைத் தெளிப்பது லாபமன்று.

குடியானவர்களை மிகவும் மயங்கச் செய்வது சணப்புக் காட்டில் நிகழும் ஒரு காரியம். பசுந்தாள் உரத்திற்கென விதைத்த சணப்பு பூவெடுக்கும் தறுவாயில், நூற்றுக்கணக்கான வரியன்களும் கருப்பன்களும் அதன்மேல் அடையாய் அமர்ந்திருப்பதைக் காணலாம். அருகே சென்று பார்த்தால் இலைகளில் ஓட்டைகளும், கடிபட்ட காய்களும், வாடிய நுனிகளும் தெரியும். பூச்சி உட்கார்ந்திருக்கிறது, செடி கடிபட்டிருக்கிறது. ஆகவே கடித்தது பூச்சியே என்று யாருக்கும் தோன்றும். உண்மை இதற்கு நேர்மாறு. செடியைக் கடித்தது சணப்பின் கம்பளிப்புழு. வெள்ளை இறக்கையில் சிவப்பும் கறுப்புமான பொட்டுகளையுடைய சிறு அந்துப்பூச்சியின் குஞ்சு அது. அப்புழு கடித்த காயத்திலிருந்து கசியும் சாற்றை நாடியே வண்ணத்துப் பூச்சிகள் வந்து கூடின. காயம் பூச்சியால் ஆனதன்று. பூச்சி காயத்தால் வந்தது.

அச்சாற்றில் அவற்றிற்கு என்ன வேலை என்றால், சணப்பு, கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகிய செடிகளில் ஒருவகைக் கசப்புச் சத்து உண்டு. ஆண் பூச்சிகள் அதனை உறிஞ்சி, பெண்ணைக் கவரும் வாசனைப் பொருளை அதிலிருந்து உண்டாக்கிக் கொள்ளுகின்றன. இணையும்போது அச்சத்தில் ஒரு பங்கைப் பெண்ணுக்கும் கொடுக்கின்றன. பறவைகள் இவற்றைத் தொடாமைக்கு அதுவும் ஒரு காரணம். சணப்பின்மேல் கூடுபவற்றைக் கவனித்தால் பெரும்பாலும் ஆண்களாகவே இருப்பதன் காரணமும் அதுவே. வயல் வரப்பில் பிடுங்கிப் போட்டு வாடிய தேள்கொடுக்குச் செடியின்மேலும் இவை மொய்க்கும். பச்சைச் செடியைவிட வாடியதையே அதிகம் நாடும். உரத்திற்கென மடக்கி உழவேண்டிய சணப்பில் சில இலைகள் ஓட்டையாவதால் மண்ணுக்கு யாதொரு குறையும் இல்லை. விதைக்கென விட்ட சணப்பானால் மாத்திரம், கம்பளிப்புழுக்களை இளம்பருவத்தில் கூட்டமாய் இருக்கும்போதே இலையோடு கிள்ளி அழிக்கலாம்.

வண்ணத்துப் பூச்சிகளில் உண்மையாகவே பயிருக்குக் கேடு செய்பவை இரண்டைச் சொல்லிவிடுவது நலம். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை நாற்றங்கால்களில், கறுப்பும் மஞ்சளும் கலந்த எலுமிச்சை அழகி முட்டையிடும். அதன் இளம்புழு பறவையின் எச்சம்போல் தோன்றும், முதிர்ந்தால் பச்சையாகும். அவரை, மொச்சை, துவரை ஆகியவற்றின் பூவையும் காயையும் துளைப்பது, ஓர் அங்குல அகலமே உள்ள, மங்கிய நீல நிறமும் பின்னிறக்கையில் மெல்லிய வாலும் அதனருகே இரண்டு கறும்புள்ளிகளும் உடைய சிறு பூச்சியின் புழு. அச்சிறு நீலனும் நெடுந்தூரம் பரவும் இயல்புடையதே. ஆயினும் அது கூட்டமாய்த் தோன்றிக் கண்ணைக் கவர்வதில்லை. மேலே கண்ட பெரிய கரிய பூச்சிகளோடு இவ்விரண்டையும் ஒன்றாய் எண்ணலாகாது.

பகலில் கூட்டமாய்ச் செல்வதைக் கண்டு அஞ்சும் குடியானவர், இரவில் செல்வதைக் காண்பதில்லை. இதுவே இவ்விஷயத்தில் பெருநஷ்டத்திற்கு இடமானது. மக்காச்சோளத்தின் படைப்புழு அமெரிக்கக் கண்டத்துக்குரியது. அது 2016-இல் ஆப்பிரிக்காவிலும், 2018-இல் கர்நாடகத்திலும் காணப்பட்டு, அவ்வருஷமே தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளில் பரவியது. அதன் தாய் மண்ணிறமான சிறு அந்துப்பூச்சி. காற்று அனுகூலமானால் ஓரிரவில் 100 கிலோமீட்டருக்கு மேலும் பறக்கவல்லது. அது வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் குருத்துக்குள் மரத்தூள் போன்ற எச்சமும், கந்தலான இலைகளுமே. பச்சைக் காய்ப்புழுவின் தாயும் அத்தகைய இரவுப் பயணியே. துவரை, பருத்தி, தக்காளி மூன்றிலும் அதன் வேலை யாவரும் அறிந்தது.

ஆகவே காவல் காக்கவேண்டிய நேரமும் இடமும் வேறு. மக்காச்சோளம் விதைத்த சில நாட்களிலிருந்தே ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறிகளை வைத்து, காலையில் அதில் விழுந்த ஆண் அந்துக்களை எண்ணிவரவேண்டும். வாரத்திற்கு இருமுறை காட்டின் பல இடங்களில் செடிகளைக் குனிந்து பார்த்து, இலையின்மேல் மயிர் மூடிய முட்டைக் குவியலோ, சுரண்டி வெள்ளைத் தோலாக்கிய இலையோ உள்ளதா என்று தேடவேண்டும். முட்டைக் குவியலை அவ்விடத்திலேயே நசுக்கிவிடலாம். புழுவின் நெற்றியில் தலைகீழான கவட்டைக் கோல் போன்ற வெண்கோடும், வாலருகே சதுரமாய் நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் அது படைப்புழு என்பதில் சந்தேகமில்லை. அவ்வாறு கண்டபின் மருந்து பற்றி வேளாண்மை அதிகாரியைக் கேட்பது முறை. வானத்தைப் பார்த்து மருந்து வாங்குவதும், குருத்தைப் பாராமல் விடுவதும் ஒரே குடியானவரிடம் சேர்ந்து காணப்படுவது வருந்தத்தக்கது.

பூச்சியின் பெயரறியாமல் அஞ்சுவது எவ்வளவு விரைவில் பரவும் என்பதற்கு தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2020-ஆம் வருஷம் வடநாட்டில் பாலைவன வெட்டுக்கிளிகள் பயிரை அழித்துக் கொண்டிருந்த காலத்தில், மே மாதத்தில், கிருஷ்ணகிரி ஜில்லா நேரலகிரி கிராமத்தில் எருக்கஞ்செடிகளின்மேல் வெட்டுக்கிளிகள் மொய்த்தன. பாலைவனக் கூட்டமே வந்துவிட்டதென்று கலக்கம் உண்டாயிற்று. அதிகாரிகள் வந்து பார்த்து, அவை வழக்கமாய் இங்கேயே உள்ள ஜாதியென்றும், வடநாட்டுக் கூட்டத்தைச் சேர்ந்தவை அல்லவென்றும் தெரிவித்தனர். எந்தச் செடியில் அமர்ந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி சந்தேகம் தீரும் என்பதை இது காட்டுகிறது. எருக்கை நாடுவதும் நெல்லை நாடுவதும் ஒன்றல்ல.

வண்ணத்துப் பூச்சிகள் வழிச்செல்லும் நாட்களில் குடியானவர் செய்யத்தக்கது அதிகமில்லை. பயிரில் வேறு பூச்சிக்கு மருந்து தெளித்தே ஆகவேண்டியிருந்தால், காலை நேரத்தை விட்டு, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கலாம். இவை பெரும்பாலும் காலையிலிருந்து நண்பகல் வரையில் பறந்து, பிற்பகலில் நிழல் தேடி அடங்கும். தேனீக்களும் மாலையில் கூடடைந்துவிடுமாதலால் அவற்றிற்கும் அது நலம். பூத்திருக்கும் சணப்பின்மேலும், வரப்பிலுள்ள கிலுகிலுப்பை, தேள்கொடுக்கின்மேலும் மருந்து படாமல் பார்த்துக்கொள்ளலாம். சணப்பை மடக்கி உழும்போது விதைக்கென்று வரப்போரம் ஒரு வரிசையை விட்டுவைப்பது பழைய சிக்கன வழக்கம். அவ்வரிசை பூச்சிகளுக்கும் உதவும்.

கிளுவை வேலியைப் பற்றி ஒரு வார்த்தை. அண்மைக் காலத்தில் வேலிகளை வேரோடு எடுத்துக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுப்பது பெருகி வருகிறது. நிலம் அரைக்குழி மிஞ்சுகிறது என்பது உண்மையே. ஆனால் கிளுவையோடு அதன்மேல் படர்ந்த கொடிப்பாலை, பால்வள்ளி, நன்னாரி, கோவை யாவும் போய்விடுகின்றன. அவற்றில் குடியிருந்து நம் பயிர்ப் புழுக்களைப் பிடித்துத் தின்ற குருவிகளும் குளவிகளும் இடமின்றிப் போகின்றன. கம்பியிட்டவர்கள் அதனருகிலேயே கிளுவைப் போத்துகளை மழைக்கு முன் நட்டுவிட்டால் இரண்டு மூன்று வருஷங்களில் வேலி மீண்டும் எழும்பும்; கொடிகள் தாமே வந்து ஏறும். ஓடைப் புறம்போக்குகளில் முட்புதர்களைச் சுத்தம் செய்யும்போதும் இக்கொடிகள் படர்ந்த புதர்களை விலக்கிவிடும்படி கிராம அதிகாரிகள் வேலையாட்களுக்குச் சொல்லலாம்.

சேலத்திலிருந்து நாமக்கல் வழியே கரூர் செல்லும் பெருஞ்சாலை இப்பயணத்திற்குக் குறுக்கே கிடப்பது. தாழப் பறக்கும் பூச்சிகள் வண்டிகளில் மோதி மடிவது தவிர்க்க இயலாததென்றே பலர் எண்ணுவர். தைவான் தீவில் கருப்பன் இனத்தைச் சேர்ந்த பூச்சிகள் இவ்விதமே ஒரு நெடுஞ்சாலையைக் கடக்கின்றன. 2007-இல் அந்நாட்டார் கூட்டம் மிகும் வேளையில் அச்சாலையின் ஒரு தடத்தையே அடைத்து வழிவிட்டனர். அத்தகைய ஏற்பாட்டை யாராவது இங்கே கேட்பதாயிருந்தால் முதலில் தேவைப்படுவது, எந்த நாளில், எந்த மைல்கல்லருகே, எத்தனை கடக்கின்றன என்னும் கணக்கு.

அக்கணக்கை எடுப்பது கிராம நிர்வாக அதிகாரிகளுக்கும், நிலத்தில் காலை நேரத்தைக் கழிக்கும் குடியானவர்களுக்கும் எளிது. திறந்த வெளியில், பறந்து செல்லும் திக்குக்குக் குறுக்காக 30 அடி இடைவெளியில் இரண்டு குச்சிகளை நடவேண்டும். அவற்றிற்கிடையே ஒரே திக்கில் கடந்து செல்பவற்றை 5 நிமிஷம் எண்ணவேண்டும். பூவில் இறங்கித் தங்கிவிடுபவற்றையும், எதிர்த்திக்கில் திரிபவற்றையும் சேர்க்கலாகாது. தேதி, மணி, கிராமத்தின் பெயர், செல்லும் திக்கு, காற்று எப்பக்கமிருந்து வீசியது, வானம் மூடியிருந்ததா வெளுத்திருந்ததா என்பவற்றை அதன்பக்கத்தில் குறிக்கவேண்டும். வரியன் எத்தனை, கருப்பன் எத்தனை என்று பிரித்தெழுத இயன்றால் மிகவும் நன்று. நிறத்தைப் பிரித்தறிய இயலாவிடில் மொத்தத் தொகையே போதும். ஒரே இடத்தில், அதே குச்சிகளின் நடுவே, மறுநாளும் அதற்கடுத்த நாளும் எண்ணுவது, பல இடங்களில் ஒருமுறை எண்ணுவதைவிடப் பயனுள்ளது. ஒன்றும் செல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுதி வைக்கவேண்டும். வராத நாளை எழுதாவிட்டால் வந்த நாளின் கணக்குக்கு அர்த்தமில்லை.

எழுதியதை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுக்கலாம். மழைமானிக் கணக்கு எழுதும் ஏட்டிலேயே ஓர் ஓரத்தில் குறித்து வைத்தாலும், பிற்காலத்தில் மழை தொடங்கிய தேதியோடு ஒத்துப் பார்க்க அது வசதியாயிருக்கும். ஐப்பசி முடிந்தபின் குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டியதில்லை. சித்திரை பிறந்து, கோடைமழை ஓரிரண்டு பெய்தபின், அதே இடத்தில் முகத்தை மேற்கே வைத்து நின்றால், எதிரே வருவதைக் காணலாம்.